அல்லிக்குழி மலையின் கூழாங்கற்கள்

பழவேற்காட்டில் தோண்டினால் மணல் வரும், சேறு வரும், சிப்பி வரும், கல் வராது. 1613-ல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டையே இன்று அகழி சூழ்ந்த ஒரு புதர்மேடுதான். பழவேற்காட்டு ஏரியில் வந்து கலக்கும் ஆரணியாறு, சமவெளியில் வேகம் தளர்ந்ததும் கனமானதையெல்லாம் வழியிலேயே விட்டுவிடுகிறது. அந்தக் கனமானதைப் பார்க்க மேற்கே போக வேண்டும். ஊத்துக்கோட்டையைக் கடந்தால் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு; அதற்குள் அல்லிக்குழி மலை. உயரத்தைப் பார்த்தால், மலை என்பது கொஞ்சம் மரியாதைக்குச் சொல்வது.

இங்குள்ள குடியம் குகைகளைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அண்ணாந்து தேனடையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். பார்க்க வேண்டியது சுவரை. செம்மண் நிற மணற்பாறைக்குள் வழவழவென்ற உருண்டைக் கற்கள் வரிவரியாகப் பதிந்திருக்கின்றன. சில எலுமிச்சை அளவு, சில தேங்காயைவிடப் பெரியவை. அத்தனையும் ஆற்றில் உருண்டு தேய்ந்தவை. ஆம், இந்த மலை ஒரு பழைய வெள்ளத்தின் படுகை. டைனோசர்கள் திரிந்த கிரெட்டேசியஸ் காலத்தில், 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், வடமேற்கே நகரி மலைப்பக்கத்துக் குவார்ட்சைட் பாறை உடைந்து உருண்டு வந்து இங்கே குவிந்து இறுகியது. அந்தப் பாறையின் வயதோ 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

கருவி செய்ய ஐரோப்பாவின் ஆதிமனிதருக்குச் சுண்ணப்பாறையில் விளைந்த சிக்கிமுக்கிக்கல் வாய்த்தது. இந்தப் பக்கம் அது கிடையாது, குவார்ட்சைட்தான் கைகொடுத்தது. சாதாரண மணற்கல்லைத் தட்டினால் மணல்மணியாக உதிரும். குவார்ட்சைட்டில் மணல்மணிகள் சிலிக்காவால் ஒன்றோடொன்று இறுகிப்போனதால், விரிசல் மணியைச் சுற்றிப் போகாமல் மணியையே அறுத்துக்கொண்டு ஓடும். விளிம்பு கூராக நிற்கும். சுரங்கம் வெட்டும் வேலையும் இல்லை. மழை மலையைக் கரைக்கக் கரைக்க, கற்கள் தாமே கழன்று சரிவில் கிடக்கும். வேண்டியதைப் பொறுக்கி எடுத்தால் போதும்.

இந்தக் கல்லில் ஆதிமனிதர் கருவி செய்ததை முதலில் உலகுக்குக் காட்டியவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் இந்த மலைக்கு அருகே, கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். பிரான்ஸின் சோம் பள்ளத்தாக்குக் கைக்கோடாரிகள் மனிதன் செய்தவையே என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டு அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஃபூட் சேகரித்தவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். குடியத்தில் 1960-களில் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி அகழ்ந்தபோது அங்கும் கற்கருவிகள் கிடைத்தன.

வயதைச் சொன்னது பிறகு வந்த ஆய்வு. தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தார்கள். கிரெட்டேசியஸ் களிப்பாறை என்று முன்பு கருதப்பட்ட அடுக்கு, ஆற்றுவெள்ளம் படியவைத்த மிகப் பிந்தைய களிமண் என்று தெரிந்தது. அதற்குள்ளேயே கைக்கோடாரிகள் இருந்தன. காலம் கணிக்கவும் அந்தக் கல்லே உதவியது. வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்சைட்டின் குவார்ட்ஸ் மணிகளில் விண்கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற அணுக்கள் சேர்கின்றன. மண்ணுக்குள் புதைந்தபின் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் அழிகின்றன. மிச்சத்தின் விகிதத்தைக் கொண்டு புதைந்த காலத்தைக் கணக்கிடலாம். 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான சராசரி விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

அத்திரம்பாக்கத்துக் கோடாரிகள் சிலவற்றின் ஓரத்தில் கூழாங்கல்லின் பழைய வழவழப்பான தோல் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆனால் கோடாரிக்கு வேண்டிய பெரிய சில்லுகளை அவற்றைச் செய்தவர்கள் வேறிடத்தில் பெயர்த்து, அத்திரம்பாக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வேறிடத்தைத் தேடுவதென்றால், கல் கிடந்த அல்லிக்குழிச் சரிவுகளிலும் ஓடைகளிலும்தான் தேட வேண்டும். குகைக்கு வழிகாட்டும் பலகை வைப்பவர்கள் சரிவையும் சேர்த்தே சின்னமாக எண்ண வேண்டும் என்பது என் கட்சி. ஏனென்றால் சாலை போடுகிறவருக்கு இது வெறும் கிராவல்; லாரியில் ஏற்றும்போது எது கூழாங்கல், எது கோடாரி என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.