‘எங்கள்’ என்ற சொல்லைக் கற்றுத்தந்தவருக்கு

அன்புமிக்க உபதேசியார் ஐயாவுக்கு,



உங்களுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, காலையில் பேத்திதான் வேதம் வாசித்துக் காட்டுகிறாள் என்று உங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அதனால் இந்த மடலை 24 புள்ளி எழுத்தில் தனியாக ஒரு படி அச்சிட்டு உங்களுக்கு அனுப்புகிறேன். பேத்தி பள்ளிக்கூடம் போன பிறகு, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நீங்களே படிக்கலாம்.

ஊரறிய எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் கோயில் முகப்பில் பதித்த கல்லில் அடிக்கல் நாட்டிய பேராயர் பெயர் இருக்கிறது, பிரதிஷ்டை நாளில் சேகரத்துக் குருவானவராக இருந்தவர் பெயர் இருக்கிறது, கமிட்டி உறுப்பினர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது. உபதேசியார் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஒரு சேகரத்தில் பல ஊர்ச் சபைகள். குருவானவரான ஐயரவர்கள் முறை வைத்துத் திருவிருந்து ஆராதனைக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, விடியற்காலை ஜெபம், சாவு வீடு, பிரசவ வீடு, சண்டை வீடு எல்லாம் உபதேசியார் தலையில்தான். திருநெல்வேலிச் சீமையில் இருநூறு வருஷமாகச் சபைகளைத் தாங்கி நின்றவர்கள் உங்களைப் போன்றவர்கள். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள் என்று தெரியும். ஆகவே எழுதவில்லை.

1996-இல் நம் சபையின் நூற்றாண்டு மலரை அச்சிடக் கொடுக்க நீங்கள் அச்சகத்துக்கு வந்தீர்கள். நான் அப்போது மெய்ப்புத் திருத்துபவன். நோட்டுப்புத்தகத்தில் நீல மையால் குண்டு குண்டாக எழுதி, மேலே செய்தித்தாளால் அட்டை போட்டிருந்தீர்கள். அதில் பாளையங்கோட்டை கிளாரிந்தா அம்மையாரைப் பற்றி ஒரு பக்கம். 1778 என்று நீங்கள் எழுதியிருந்ததை 1787 என்று கோத்துவிட்டார்கள், நானும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் அந்த வரியில் விரலை வைத்து, “இது அந்த அம்மா காத்திருந்து வந்து சேர்ந்த வருஷம் தம்பி. முன்னபின்ன ஆயிரக்கூடாது” என்றீர்கள்.

காத்திருந்து என்றால் என்ன என்று கேட்டேன். நம் பேச்சு அங்கேதான் தொடங்கியது.

தஞ்சாவூரிலிருந்து வந்த பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். 1780-இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். 1785-இல் அந்த அம்மாள் கட்டிய கோயிலை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் ஊர் சொல்கிறது. மறுக்கப்பட்டவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் அந்த நாற்பது பேர் என்ன ஆகியிருப்பார்கள் என்று நீங்கள் கேட்டது அன்று இரவெல்லாம் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினேன். நான் எழுத்தோடு பிழைப்பவன் என்று தெரிந்து எழுத்து வழியாகவே என்னைக் கூட்டிப்போனீர்கள். சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட கதையைச் சொன்னீர்கள். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றது, அதனால் பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள், 1715-இல் புத்தகம் முடிந்தது. ஈய எழுத்தைத் தொட்டுப் பழகிய என் விரலுக்கு அந்தக் கதை நன்றாகப் புரிந்தது.

சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு பெயர் மாறுகிறதே, எதுதான் சரி என்று ஒருநாள் கேட்டேன். “பெத்தவள ஒரு ஊருல அம்மாங்காக, ஒரு ஊருல ஆத்தாங்காக. கூப்பிட்டா யாரு திரும்பிப் பாக்காளோ அவதான்” என்றீர்கள்.

ஆறு மாதத்தில், ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டேன். நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ பரமண்டல ஜெபத்தைச் சொல்லச் சொன்னீர்கள். மனப்பாடமாகச் சொன்னேன். முதல் வரியில் ‘எங்கள்’ என்று ஏன் வருகிறது, ‘நம்’ என்று ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால்தான் ‘நம்’ வரும், இங்கே கேட்பவர் ஆண்டவர், அவரிடம் பேசுகிறோம், ஆகவே ‘எங்கள்’ என்றேன். இலக்கணம் சரி என்று தலையசைத்தீர்கள்.

“அந்த எங்களுக்குள்ள யார் யார் தம்பி?”

“சபையார்.”

“உங்க அம்மா?”

என் அம்மா சபையில் இல்லை. இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைப்பவள். கும்பிட்டு வந்ததும் என் நெற்றியில் திருநீறு பூசிவிடுபவள். அவளைப் பற்றியோ அவள் கைகூப்பும் இடத்தைப் பற்றியோ நீங்கள் ஒருநாளும் தவறாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அம்மாவும்தான் என்றேன்.

“உங்க தம்பி?”

நான் வாயைத் திறக்கவில்லை. எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு சனிக்கிழமை வரவில்லை. நீங்கள் ஆள் அனுப்பவும் இல்லை, தேடி வரவும் இல்லை. அந்த இரண்டு வாரம் நீங்கள் என்னை விட்டுவைத்ததற்கு என்ன நன்றி சொல்வது? சபைக்கு ஆள் சேர்ப்பதைக் கணக்காகப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் சிக்கியிருந்தால் அடுத்த ஞாயிறே என் தலையில் தண்ணீர் விழுந்திருக்கும், உள்ளே எதுவும் நனைந்திருக்காது.

தென்கால் பாசனத்தில் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. அதற்காக நானும் தம்பியும் ஆறு வருஷமாகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். ஒரே தெருவில் எதிரெதிரே வந்தாலும் பேச்சு கிடையாது. அம்மா அவன் வீட்டில் இருந்தாள், நல்லநாள் பொல்லாதநாளில் தூக்குச்சட்டியில் குழம்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாதது ஒன்று இருந்தது. என் பக்கத்து வக்கீல் காட்டிய பத்திரம் ஒன்றில், அது என்ன காகிதம் என்று சொல்லாமலே அம்மாவிடம் கைநாட்டு வாங்கியிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை வந்து அதை உங்களிடம் சொன்னேன். யாரிடமும் சொல்லியிராதது. நீங்கள் முகம் சுளிக்கவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தீர்கள். பிறகு, பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் மலையில் சொன்னதை எடுத்துச் சொன்னீர்கள். “மனந்திரும்புதது கால்ல தொடங்கணும் தம்பி. முதல்ல அம்மாகிட்ட போங்க. அப்புறம் தம்பிகிட்ட. ஐயரவுக எங்கயும் போயிற மாட்டாக.”

அம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறத்தை நிறுத்தாமலே, “எனக்குத் தெரியும்ல. கைநாட்டு வைக்கச் சொல்லும்போது நீ என் மூஞ்சியப் பாக்கலியே” என்றாள். உமியை ஊதிவிட்டு மறுபடியும் புடைத்தாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன் ஐயா. பாவம், மன்னிப்பு என்று நீங்கள் சொல்லித்தந்த இரண்டு சொற்களின் பொருளும் அந்த முறத்துக்கு முன்னால் வைத்துத்தான் எனக்கு விளங்கியது. தெரிந்தும் அவள் ஆறு வருஷம் எனக்குக் குழம்பு கொண்டுவந்திருக்கிறாள்.

தம்பியிடம் மூன்று தடவை போனேன். முதல் தடவை மாட்டுத் தொழுவத்தில் நின்றவன் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டாவது தடவை அவன் செருப்பு வாசலில் கிடக்க, ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவை திண்ணையில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் கணை போட்டுக்கொண்டிருந்தான். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். கைநாட்டு விஷயத்தைச் சொன்னேன். வழக்கை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். வாய்க்காலை ஒட்டிய பாதியை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அவன் பதில் பேசவில்லை. கணையைச் செதுக்கினான், நுழைத்துப் பார்த்தான், மறுபடி செதுக்கினான். கடைசியில் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். “குடி” என்றான். ஆறு வருஷம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அன்று சாயங்காலம் நேராக உங்களிடம் வந்தேன். கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்தீர்கள். சொன்னதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முழங்காலில் நின்றீர்கள். என்ன ஜெபித்தீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சேகரத்து ஐயரவர்களுக்கு அப்போதுதான் கடிதம் எழுதினீர்கள்.

பெயர் மாற்றும் பேச்சு வந்தது. மாற்றத்தான் வேண்டுமோ என்று நான் தயங்கியபோது எச். ஏ. கிருஷ்ண பிள்ளையைப் பற்றிச் சொன்னீர்கள். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் ஊறியவர், சாயர்புரத்தில் தமிழாசிரியர், 1858-இல் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்ஃபிரட் என்று முன்னால் சேர்ந்தது, கிருஷ்ண பிள்ளை போகவில்லை. 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தைப் படித்தால் கம்பன் காதிலே வந்துகொண்டே இருப்பான் என்றீர்கள். நான் அதைப் பிறகுதான் படித்தேன், நீங்கள் சொன்னது உண்மை. புது வாழ்வுக்கு வருகிறவன் பழைய வீட்டை இடித்துவிட்டு வரவேண்டும் என்று நினைப்பவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் அந்தக் காப்பியத்தில் பத்துப் பாட்டாவது படித்துப் பார்க்க வேண்டும். “உங்க பேரு அம்மா வச்சது. அது இருக்கட்டும்” என்று முடித்தீர்கள். இன்றும் அதுவே என் பெயர்.

1998 ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும் தம்பியும் வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே வரவில்லை, வேப்பமரத்தடியில் நின்றார்கள். நீங்கள்தான் பக்கத்து வாசல் கதவு இரண்டையும் முழுதாகத் திறந்துவைத்தீர்கள். அங்கிருந்து ஞானஸ்நானத் தொட்டி தெரியும். அது தற்செயல் என்று அப்போது நினைத்தேன். மழைக்காற்று அடிக்கும் மாதம், அந்தக் கதவை நீங்கள் திறப்பதில்லை என்று பிறகுதான் உறைத்தது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் மூன்று தரம் தண்ணீர். நெற்றியில் சிலுவை அடையாளம். சபையார் எழுந்து நின்று பாடினார்கள். தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியபோது எனக்குள் பெரிய வெளிச்சம் எதுவும் எழவில்லை. ஊருக்கு நடுவில் ரொம்ப நாள் கழித்துக் கைவீசி நடப்பதுபோல ஒரு லேசு மட்டும் இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். அம்மா முந்தானையை எடுத்து என் தலையைத் துவட்டினாள். “ஏல, ஈரத்தோட நிக்காத, நீர் கோத்துக்கிடும்” என்றாள். பள்ளிக்கூட நாளில் துவட்டிய அதே முரட்டுத் துவட்டல். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வந்திருந்தாள். வழக்கம்போல என் நெற்றிக்குக் கையைக் கொண்டுவந்தாள், பாதியில் நிறுத்தினாள். திருநீறு கையில் இருந்தது. நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவளே அதைத் தன் சேலையில் துடைத்துவிட்டு, வெறும் உள்ளங்கையை என் தலையில் வைத்தாள். பதினோரு வருஷம், அவள் கண்ணை மூடும் வரைக்கும், அப்படித்தான் வைத்தாள். அவளுக்குள் என்ன வலித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த வலிக்கு நான் காரணம் என்பதை மறைத்து உங்களுக்கு நன்றி சொன்னால் அது நீங்கள் கற்றுத்தந்த நன்றியாக இராது.

இப்போதும் விடியற்காலை அந்த ஜெபத்தைச் சொல்கிறேன். ‘எங்கள்’ என்ற இடம் வந்ததும் ஒரு நொடி நிற்பேன். அம்மா வருவாள், தம்பி வருவான், நான் ஒத்துக்கொள்ள மாட்டாத இரண்டொருவர் முகமும் வரும். அவர்களையும் உள்ளே விட்ட பிறகுதான் அடுத்த வார்த்தைக்குப் போவேன். சில நாள் வெகுநேரம் ஆகிவிடும். எனக்குக் கிடைத்த புது வாழ்வு எது என்று கேட்டால் இந்த நிற்பைத்தான் காட்ட முடியும். அதைத் தந்தவர் ஆண்டவர், கதவைத் திறந்துவைத்தவர் நீங்கள்.

அடுத்த மாதம் அசன விருந்து. கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டியாயிற்று. தம்பி இன்னும் வேப்பமரத்தடியோடு நிற்பவன்தான், ஆனால் அம்மா கண்மூடிய வருஷத்திலிருந்து அந்த ஒன்றேகால் ஏக்கர் நெல்லில் ஒரு மூட்டை அரிசி தவறாமல் அனுப்பிவிடுகிறான். இந்த வருஷம் தானே வண்டியில் கொண்டுவந்து இறக்குவானாம். உபதேசியார் வருவாரா என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். வர முடியுமென்றால் பேத்தியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், ஸ்டேஷனுக்கு நானும் அவனும் வருகிறோம்.

ஆண்டவருக்குள் உங்கள்,
அச்சகத்துத் தம்பி