இரண்டாம் சுற்று

முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்திப் பழகிய கைகள் எங்களுடையவை. கணவனும் மனைவியுமாகிய நாங்கள் இருவருமே பள்ளி ஆசிரியர்களாய் இருந்து ஓய்வு பெற்றவர்கள். சிவப்பு மையில் ஒருமுறை இட்ட மதிப்பெண்ணை மாற்றுவதில்லை என்பது எங்கள் தொழில் எங்களுக்குத் தந்த பிடிவாதம். அத்தகைய நாங்கள் இந்த முதிய வயதில், தூத்துக்குடி வீட்டின் முன்னறையில் அமர்ந்துகொண்டு, கடல்களுக்கு அப்பால் நடைபெறும் குதிரைப் போட்டிகளை ஆண்டுதோறும் ஆவலோடு பின்பற்றுகிறோம் என்றால் கேட்போர் நகைக்கின்றனர். "எந்தக் குதிரையின் மேல் எவ்வளவு கட்டினீர்கள்?" என்று வினவியவர்களும் உண்டு.

அன்பர்களே, நாங்கள் சொல்வது பந்தயக் குதிரை அன்று. தடை தாண்டும் குதிரைகளின் அணிப் போட்டி. மேலைநாட்டார் அதனை ஷோ ஜம்பிங் என்பர். வண்ணக் கம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கித் தடைகள் அமைத்திருப்பார்கள். உயர்ந்த நிலைப் போட்டிகளில் அவை 1.60 மீட்டர் வரை உயரும். குதிரையின் கால் பட்டு ஒரு தடையின் கம்பு விழுந்தால் நான்கு பிழைப்புள்ளிகள். குறித்த நேரத்தைக் கடந்தால் அதற்கும் பிழைப்புள்ளி. பிழையே இல்லாமல் ஓடி முடிப்பவருக்குக் கிடைப்பது சுழியம். அந்தச் சுழியத்தை நாடியே அனைவரும் ஓடுகின்றனர். நூற்றுக்கு நூறு தேடிய எங்களுக்கு இதுவே முதலில் விந்தையாய் இருந்தது.

குதிரையின் முதுகில் ஒருநாளும் ஏறியவர்கள் அல்லோம். எங்கள் மகள் டப்ளின் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறாள். 2012ஆம் ஆண்டு அவளைக் காணச் சென்றிருந்தோம். ஆகஸ்டு மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், "அப்பா, அம்மா, இன்று இந்த ஊரே அங்கேதான் இருக்கும்" என்று சொல்லி, ராயல் டப்ளின் சங்கத்தின் திடலுக்கு எங்களை அழைத்துச் சென்றாள். ஆகா கான் கோப்பைக்கான நாடுகளின் போட்டி அங்கு 1926ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. முதல் ஆண்டில் சுவிட்சர்லாந்து வென்றது. 1977, 1978, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளும் எடி மக்கென், பால் டாரா, கான் பவர், ஜேம்ஸ் கெர்னன் என்ற அதே நால்வர் அயர்லாந்துக்காகத் தொடர்ந்து வென்றார்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் இன்றும் அந்நாட்டு முதியோரின் முகம் மலரும்.

போட்டிக்கு முன் வீரர்கள் குதிரையின்றிக் களத்தில் இறங்கி நடந்தனர். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே குதிரை எத்தனை எட்டு வைக்கும் என்று தங்கள் காலடியால் அளந்து பார்த்தனர். குதிரைக்கு அந்தப் பாதையைக் காட்டுவதில்லை. அது தன் முதுகில் இருப்பவரை நம்பித்தான் ஒவ்வொரு தடையையும் முதன்முறையாகச் சந்திக்கிறது. இதைக் கேட்டபோதே எங்கள் மனம் அந்தப் பிராணிகளின் பக்கம் சாய்ந்துவிட்டது.

நாடுகளின் போட்டியில் நெடுங்காலமாய் வழங்கிவந்த முறை இது. ஓர் அணிக்கு நால்வர். இரண்டு சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் நால்வரும் ஓடுவர். ஆனால் சிறந்த மூவரின் கணக்கு மட்டுமே சேர்க்கப்படும். மிக மோசமான கணக்கை விட்டுவிடுவார்கள். அன்று ஓர் அணியின் இளைஞர் முதற்சுற்றில் மூன்று தடைகளை வீழ்த்திவிட்டுத் தலை கவிழ்ந்து வெளியேறினார். பலகையில் அவர் பெயருக்கு எதிரே பன்னிரண்டு என்று தெரிந்தது. எங்கள் மகள், "அதை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மற்ற மூவரும் நன்றாக ஓடினால் போதும்" என்று விளக்கினாள். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது எங்களுள் யார் முதலில் சொன்னது என்பது நினைவில் இல்லை: "நம் வீட்டில்தான் அதை எடுத்துக்கொண்டே இருக்கிறோம்."

எங்கள் குடும்பத்திலும் உடன்பிறந்தோர் நால்வர். கடைசித் தம்பி இளமையில் உப்பளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்தார். பாத்தியில் விளைந்த உப்பை அள்ளும் வேளையில் காலந்தப்பிய மழை பெய்தால் அத்தனையும் கரைந்து போகும் என்பதைக் கடற்கரைக்காரர் அறிவர். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் அப்படியே ஆயிற்று. பூர்வீக வீட்டின் பத்திரத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருந்த செய்தி அதன் பின்னரே எங்களுக்குத் தெரிந்தது. அப்பா நட்டு வளர்த்த தென்னந்தோப்பை விற்று, மூத்தவர்கள் மூவரும் கைப்பொருளையும் சேர்த்துப் போட்டு, வீட்டை மீட்டோம்.

மீட்டோம் என்பது உண்மை. அதன்பின் கூடிய ஒவ்வொரு நல்ல நாளிலும், தேங்காய் விலை பற்றிய பேச்சு வந்தாலும், மழை பற்றிய பேச்சு வந்தாலும், யாரேனும் ஒருவர் அந்தத் தோப்பை நினைவூட்டத் தவறியதில்லை என்பதும் உண்மை. அந்த ஒருவர் பல வேளைகளில் நாங்களாகவே இருந்தோம். மெல்ல மெல்லத் தம்பி வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அந்த வெள்ளியன்று ஆகா கான் கோப்பையை அயர்லாந்து வென்றது. திடலே எழுந்து நின்று ஆரவாரித்தது. நாங்களும் எழுந்து நின்றோம். நினைவோ தென்னந்தோப்பில் நின்றது. ஊர் திரும்பியதும் எங்களுக்குள் ஓர் உறுதி செய்துகொண்டோம். இனி அந்தப் பேச்சை எடுப்பதில்லை; அந்தக் கணக்கைக் கூட்டலில் சேர்ப்பதில்லை. அவ்வாறே நடந்தோம். பெருந்தன்மையாய் நடந்துகொண்டோம் என்று உள்ளூர மகிழ்ந்தும் இருந்தோம்.

அன்று தொடங்கி இந்த விளையாட்டு எங்களைப் பற்றிக்கொண்டது. பழைய செய்திகளைத் தேடிப் படித்தோம். 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அணிக்கு மூவர்; மூவரும் ஓடி முடிக்க வேண்டும்; எவர் கணக்கையும் விடுவதற்கில்லை. எந்த நாட்டின் அணியும் முழுதாக முடிக்க இயலாமற்போனதால் அணிப் பதக்கமே வழங்கப்படவில்லை. 1956ஆம் ஆண்டு ஒலிம்பிக் மெல்பர்னில் நடைபெற்றபோது, ஆஸ்திரேலியாவின் கால்நடைத் தொற்றுத்தடைச் சட்டம் காரணமாகக் குதிரைப் போட்டிகள் மட்டும் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் நடந்தன. அங்கு ஜெர்மானிய வீரர் ஹான்ஸ் குந்தர் விங்க்லர் முதற்சுற்றிலேயே தொடை இடுக்கின் தசை கிழிந்து துடித்தார். அவர் விலகினால் அணியே விலகியதாகும். இரண்டாம் சுற்றில் அவர் வலியோடு சேணத்தில் அமர்ந்திருந்தாரேயன்றி, வழக்கம்போல் குதிரையைச் செலுத்தும் நிலையில் இல்லை. ஹல்லா என்ற அவருடைய பெண்குதிரை ஒரு தடையையும் வீழ்த்தாமல் அவரைச் சுமந்து முடித்தது. அணிக்கும் தங்கம், அவருக்கும் தங்கம். பின்னர் வேறெந்தப் போட்டிக் குதிரைக்கும் ஹல்லா எனும் பெயரை இடுவதில்லை என்று ஜெர்மானியர் முடிவு செய்தனர். இதைப் படித்த இரவில் எங்களுக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கைத் தொலைக்காட்சியில் கண்டோம். அப்போது ஒலிம்பிக்கிலும் நால்வர் ஓடி மூவர் கணக்கைக் கொள்ளும் முறை இருந்தது. பிரெஞ்சு அணிக்குத் தொடக்கமே சரியில்லை. ஒருவரின் குதிரை போட்டிக்கு முன்பே காயமுற்றதால், மாற்று வீரராய்ச் சென்றிருந்த பிலிப் ரோசியே உள்ளே வந்தார். முதல் நாளிலேயே பெனலோப் லெப்ரெவோ தம் குதிரையோடு கீழே விழுந்தார். ஆயினும் அந்த அணியே தங்கம் வென்றது. ரோசியேயின் தந்தை மார்செல் ரோசியே 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியலில் இதே அணித் தங்கத்தை வென்றவர். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மகன், அதுவும் மாற்று வீரராய்ச் சென்ற மகன், அதே மேடையில் நின்றார். விழுந்தெழுந்த பெண்மணியும் அவரருகே நின்றார். நால்வர் கழுத்திலும் ஒரே தங்கம். எங்கள் கண்கள் கலங்கின. உடனே தம்பியைத் தொலைபேசியில் அழைத்து அந்தக் கதையைச் சொன்னோம். அவர் பொறுமையாய்க் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதுமுதல் அவரும் இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கினார் என்பது பின்னர் தெரிந்தது.

கொள்ளைநோயால் ஓராண்டு தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக் 2021ஆம் ஆண்டு நடந்தது. விதி மாறியிருந்தது. அணிக்கு மூவர், மூவர் கணக்கும் சேரும், விடுவதற்கு நான்காம் கணக்கு இல்லை. கூடுதல் நாடுகள் பங்கேற்க வழி செய்வதற்காக இந்த மாற்றம் என்றார்கள். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. இறுதிப் போட்டியில் சுவீடனும் அமெரிக்காவும் எட்டுப் புள்ளிகளில் சமமாக நின்றன. வெற்றியை முடிவு செய்யும் மறுசுற்றில் இரு அணிகளின் ஆறு குதிரைகளும் ஒரு தடையையும் வீழ்த்தவில்லை. நேரம் ஒன்றே தீர்ப்பளித்தது. ஏறத்தாழ ஒன்றேகால் வினாடி முந்திய சுவீடனுக்குத் தங்கம்; 1924க்குப் பின் இந்தப் போட்டியில் அந்நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம்.

அன்றிரவு தம்பியே அழைத்தார். போட்டியைப் பற்றி மகிழ்ந்து பேசிவிட்டு, "ஆனாலும் இந்தப் புதுவிதி நன்றாக இல்லை. பழையதில் இரக்கம் இருந்தது. ஒருவர் தவறினால் மற்றவர் தாங்கிக்கொண்டார்கள்" என்றோம்.

சற்று நேரம் மறுமுனையில் ஓசையில்லை. பிறகு தம்பி சொன்னார்:

"அண்ணே, மைனி, எனக்கு இதுதான் சரின்னு படுது. இதுல எல்லாரையும் கணக்குல சேர்க்கிறாங்க. நீங்க கடனை அடைச்சதை நான் மறக்கல. பேச்செடுக்கிறதை நிறுத்தினதையும் கவனிச்சேன். ஆனா, அதுக்கப்புறம் ஒரு காரியத்துக்கும் என்னைக் கேட்கலையே. அக்கா மக கல்யாணம், அம்மா வைத்தியம், எதுக்கும். நீங்க பாக்குற அந்தப் பழைய போட்டியில, தப்பு பண்ணவன் ரெண்டாம் சுத்துல மறுபடி ஓடுறான். என்னை யாரும் ரெண்டாம் சுத்துக்குக் கூப்பிடல."

எங்களால் மறுமொழி கூற முடியவில்லை.

ஒன்பது ஆண்டுகள் அந்த விளையாட்டைப் பார்த்தும், எங்களுக்கு இனித்த பாதியை மட்டுமே பார்த்திருந்தோம். முதற்சுற்றின் மோசமான கணக்கை விட்டுவிடுவது உண்மை. ஆனால் அந்தக் கணக்குக்கு உரியவரை விட்டுவிடுவதில்லை. சற்று நேரத்தில் அவர் பெயரை மீண்டும் அழைக்கிறார்கள். அதே தடைகள், அதே உயரம். இப்போது வேறொருவர் தவறினால் இவருடைய ஓட்டமே அணியைக் காக்கும். முதற்சுற்றில் விடப்பட்டவர் இரண்டாம் சுற்றில் பிழையின்றி ஓடித் தம் அணியைத் தாங்கியதை எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். டப்ளினில் நாங்கள் கண்ட அந்த இளைஞரும் இரண்டாம் சுற்றில் மீண்டும் வந்தார். எங்கள் நெஞ்சு பன்னிரண்டு என்ற எண்ணில் சிக்கியிருந்ததால் அவர் எப்படி ஓடினார் என்று நாங்கள் பார்க்கவே இல்லை.

பிழையை எண்ணாமல் விடுவது எளிது. அதனால் நாம் நல்லவர் என்ற நிறைவும் கிடைக்கிறது. பிழைத்தவர் கையில் மீண்டும் கடிவாளத்தைக் கொடுப்பது அரிது. அதற்கு நம் பொருளையும் நம் அச்சத்தையும் பணயமாக வைக்க வேண்டும். ஒருவரை எண்ணாமலே விட்டுவிட்டு, அதனை இரக்கம் என்று அழைத்துவந்தோம்.

2022ஆம் ஆண்டு பூர்வீக வீட்டின் ஓட்டுக்கூரை ஒழுகத் தொடங்கியது. உடன்பிறந்தோர் கூடிப் பேசினோம். பணப் பொறுப்பு, ஆட்பொறுப்பு யாவற்றையும் தம்பியிடம் ஒப்படைக்கலாம் என்று நாங்கள் சொன்னபோது அறையில் சிறிது அமைதி நிலவியது. எங்கள் நெஞ்சும் அடித்துக்கொண்டது என்பதை மறைப்பானேன்? தம்பி மரம் வாங்கினார், கொத்தனாரோடு வாதாடினார், ஒவ்வொரு செலவையும் நோட்டில் எழுதினார். மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை மூன்று வாரம் தாமதமாய் முடிந்தது. வீடு ஒழுகவில்லை.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கின் அணி இறுதிப் போட்டி நடந்தது. அந்தப் பழைய வீட்டின் கூடத்தில் எல்லோரும் சேர்ந்திருந்து பார்த்தோம். பென் மேஹர், ஹாரி சார்லஸ், ஸ்காட் பிராஷ் ஆகிய மூவர் அடங்கிய பிரிட்டன் அணி இரண்டே பிழைப்புள்ளிகளுடன் தங்கம் வென்றது. அமெரிக்காவுக்கு நான்கு, பிரான்சுக்கு ஏழு. பிரிட்டனின் அந்த இரண்டும் நேரம் கடந்ததற்காக. ஒரு கம்பும் விழவில்லை.

"பாத்தீங்களா அண்ணே, நேரம் கொஞ்சம் தாண்டினாலும் தங்கம்தான்" என்றார் தம்பி, கூரையை நிமிர்ந்து பார்த்தபடி.

எல்லோரும் சிரித்தோம்.