பெண் வாத்துகளின் கணக்கு

வாத்து பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆண் வாத்துகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். சென்ற ஜனவரியில் பதினான்கு பேராகக் கரிக்கிலி சரணாலயத்துக்குப் போனபோது இதைக் கவனித்தேன். வேடந்தாங்கலுக்குப் பக்கத்திலுள்ள இந்த ஏரிகள் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகள் வரும் இடம்.

கரையில் ஏறியதுமே குரல்கள். “அதோ ஊசிவால் வாத்து, கழுத்துல வெள்ளைக் கோடு!” “தட்டைவாயன், பச்சைத் தலை!” எல்லாம் ஆண்கள். பக்கத்தில் மேய்ந்த பழுப்புப் பறவைகளைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் பெண்ணுங்க மேடம், ஒரே மாதிரிதான் இருக்கும். பக்கத்துல எந்த ஆண் இருக்குன்னு பாத்துக்குங்க” என்றார் வழிநடத்தியவர்.

“வீட்டுக்காரர் பேரைச் சொன்னாத்தான் இதுக்கும் அடையாளமா?” என்று சிரித்தார் எங்களுடன் வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். தட்டைவாயனின் பெண்ணுக்கும் அதே அகன்ற அலகு. நீலச்சிறகியின் பெண்ணுக்கு முகத்தில் கருங்கோடு. ஊசிவால் வாத்தின் பெண்ணுக்கு மெலிந்த நீண்ட கழுத்து, சாம்பல் நிற அலகு. அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்ததில் “ஒரே மாதிரி” என்பது போய்விட்டது.

அந்தப் பழுப்பு, வேலைக்கான உடை. வடக்கே தரையில் கூடு வைத்து, மூன்று வாரம் போலத் தனியே அடைகாப்பவள் அதில்தான் ஒளிந்துகொள்கிறாள். பறக்கும் இறகுகள் உதிரும் வாரங்களில் ஆண் வாத்தும் ஏறக்குறைய அதே பழுப்புக்கு மாறிக்கொள்கிறது.

இதை வைத்து, இயற்கையிலேயே பெண் அடக்கமானவள் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நம் நீர்நிலைகளில் வாழும் மயில் உள்ளானில் பளிச்சென்று இருப்பவள் பெண்; அடைகாப்பவன் ஆண். நீளவால் இலைக்கோழியிலும் முட்டையையும் குஞ்சையும் பார்த்துக்கொள்வது ஆண்தான். பறவைகள் நமக்குக் குடும்ப ஒழுக்கம் சொல்லித்தர வரவில்லை.

கோளாறு பார்க்கிறவர்களிடம் இருக்கிறது. பாடுவது ஆண் பறவைதான் என்றே நெடுங்காலம் எழுதினார்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வு, தகவல் கிடைத்த 323 பாடும் பறவையினங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்றது. அவை அதற்கு முன்பும் பாடிக்கொண்டுதான் இருந்தன.

வாத்துகளில் இது உயிர்ப் பிரச்சினை. தரைக்கூட்டில் அடைகாக்கும்போது இரையாகிவிடுவதால் பல வாத்தினங்களில் பெண்களின் எண்ணிக்கை குறைவு. எண்ணாமல் விட்டால் அது மேலும் குறைவதும் தெரியாது.

ஈபேர்ட் தளத்தில் ஆண், பெண் எண்ணிக்கையைத் தனித்தனியே பதிய இடமுண்டு. எங்கள் குழு அதுவரை அதை நிரப்பியதில்லை. அன்று காலை, விடியுமுன் வீட்டில் சமைத்து வைத்துவிட்டு வந்திருந்த நாங்கள் ஐந்து பெண்களும் ஏரியை ஐந்து பங்காகப் பிரித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தோம். வேன்காரர் இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார். கணக்கு முடிந்த பிறகுதான் எழுந்தோம்.