கிணற்று வாயில் நிற்பவர்

சாய்ந்தமருதில், கடற்கரையை ஒட்டிய ஒழுங்கை ஒன்று. கட்டி முடியாத வீட்டின் பின்வளவில் மணல் குவிந்து கிடக்கிறது. நான்கு சீமெந்து வளையங்கள் தரைக்குக் கீழே போய்விட்டன. ஐந்தாவது பாதி தெரிகிறது. உள்ளே ஒருவர் குந்தியிருந்து அடிவளையத்தின் விளிம்பைச் சுற்றி மணலை அகழ்கிறார். அகழ அகழ, வளையங்கள் தங்கள் பாரத்தாலேயே மெல்ல மெல்ல இறங்குகின்றன. வாளி நிறைந்ததும் கயிறு இருமுறை அசைகிறது. மேலே நிற்கும் இளைஞன் கப்பியில் இழுத்து மணலைக் கொட்டுகிறான்.

வேலியோரம் பூவரச நிழலில் இருந்து பார்க்கிறேன். என் கண் போவது தோண்டுகிறவர்மீதும் அல்ல, இழுக்கிறவன்மீதும் அல்ல. வாயோரம் கால்களை அகட்டி நிற்கும் மூன்றாமவர்மீது. அறுபதைத் தாண்டியவர். வெள்ளைத் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம். கையில் இன்னொரு கயிறு. தோணி கட்டும் தடித்த நைலோன் கயிறு. அதன் மறுமுனை கீழே இருப்பவரின் அக்குளைச் சுற்றி மார்பில் கட்டப்பட்டிருக்கிறது.

இடுப்பில் அல்ல, மார்பில். காலையில் முடிச்சுப் போடும்போதே இளைஞனுக்கு விளக்கம் சொல்லிவிட்டார்.

"இடுப்பில கட்டினா, மயங்கின ஆள் ரெண்டா மடிஞ்சிதான் வருவான், தம்பி. வளையத்தில சிக்குவான். மார்பில கட்டினா நிமிர்ந்து வருவான்."

கயிறு மூன்று கம்புகளைக் கூட்டிக் கட்டிய முக்காலிக் கப்பியின் வழியாக அவர் கைக்கு வருகிறது. தொய்வும் இல்லை, இறுக்கமும் இல்லை. சற்றைக்கொருதரம் கீழே குரல் கொடுக்கிறார். "ஓய் மச்சான்!" கீழிருந்து "ஓம்" வருகிறது. வந்தபிறகுதான் அடுத்த மூச்சை விடுகிறவர்போல நிற்கிறார்.

தேநீர் வருகிறது. "காக்கா, நீங்க குடிச்சிட்டு வாங்களேன்" என்கிறான் இளைஞன்.

"அவன் மேல வரட்டும். ஒண்டா குடிப்பம்."

பத்தடி ஆழம்தானே என்று தோன்றலாம். நமது கரையோர மணலுக்கு அந்தப் பத்தடி போதும். வளையம் இறக்காமல் வெறுங்குழியாகத் தோண்டினால், மேலே காய்ந்த மணலும் கீழே ஊறும் தண்ணீரும் சேர்ந்து பக்கச்சுவரைச் சொல்லாமல் சரிக்கும். ஒரு கன மீற்றர் மணல் ஒன்றரைத் தொன்னுக்கு மேல் பாரம். நெஞ்சளவு புதைந்தவரின் தலை வெளியே இருந்தாலும் ஆபத்து நீங்காது. அவர் மூச்சை விடும்போது உள்வாங்கும் நெஞ்சைச் சுற்றி மணல் இறங்கி இறுகிவிடும். அடுத்த மூச்சை இழுக்க நெஞ்சு விரியாது. அந்த நேரத்தில் கயிற்றைப் பிடித்து ஆளை இழுக்கவும் கூடாது. கையாலும் வாளியாலும் மணலை அகற்றித்தான் எடுக்க வேண்டும்.

மணிக்கணக்காக நசுங்கிக் கிடந்தவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. 1941 இல், லண்டன் மீது விழுந்த குண்டுகளின் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் கழிவு, பாரம் நீங்கியதும் இரத்தத்தில் கலக்கிறது. அதனால்தான் இன்று, பாரத்தை அகற்றுமுன்பே நாளம் வழியாக சேலைன் ஏற்றத் தொடங்குகிறார்கள். வைத்தியசாலை வாசலில் தொடங்கவேண்டிய வேலை அல்ல அது. குழியின் வாயிலேயே தொடங்கவேண்டிய வேலை.

பதினொரு மணி இருக்கும். பக்கத்து வளவில் சத்தம். பழைய மலசலகூடக் குழியின் மூடியை இரண்டு பையன்கள் கிளப்பிவிட்டார்கள். உள்ளே வாளி ஒன்று விழுந்துவிட்டது. ஒருவன் சேர்ட்டைக் கழற்றிவிட்டு விளிம்பில் கால் வைக்கிறான்.

கிழவர் அதைப் பார்க்கிறார். ஆனால் ஓடவில்லை. முதலில் இளைஞனைக் கூப்பிட்டுக் கயிற்றை அவன் கையில் திணிக்கிறார். "கண்ண எடுக்கப்படா" என்கிறார். பிறகுதான் வேலியைத் தாண்டுகிறார்.

"தம்பி, கால எடு! வாளி போனா போகட்டும்."

"மூக்கப் பொத்திக்கிட்டு ஒரு நிமிசத்தில ஏறிருவன் காக்கா."

"முந்தி இறங்கி மௌத்தானவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்."

பையன் கால் எடுக்கிறான். அவர் நீண்ட கொக்கத்தடி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்குத் திரும்புகிறார். இவ்வளவுதான் நடந்தது. பத்திரிகையில் வராத செய்தி.

அந்தக் குழிக்குள் என்ன இருந்திருக்கக்கூடும்? நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் ஏறக்குறைய 21 சதவீதம். அது 19.5க்குக் கீழே போனாலே பாதுகாப்பற்ற இடம் என்பது தொழில் விதி. கழிவுக் குழியில் ஐதரசன் சல்பைட்டும் சேரும். தொடக்கத்தில் அது அழுகிய முட்டைபோல நாறும். அளவு கூடியதும் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நொடியே கடைசி நொடியாகலாம். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் நம்பக் கூடாது. ஒட்சிசன் குறைந்தால் சுடர் அணையும், உண்மை. ஆனால் ஆளைக் கொல்லும் அளவு ஐதரசன் சல்பைட்டும் காபனோரொட்சைட்டும் இருக்கும்போதே சுடர் எரிந்துகொண்டிருக்கும். மீதேன் இருந்தால் குழியே தீப்பற்றக்கூடும்.

இப்படியான குழிகளில் முதலில் இறங்கியவர் மயங்கி விழுகிறார். அதைப் பார்த்துச் சகோதரன் குதிக்கிறான், பின்னால் மச்சான், பின்னால் அயல்வீட்டுக்காரர். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986 இல் விடுத்த எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று சொன்னது. பாசம்தான் அவர்களை இறக்கியது. ஆயத்தம் இருந்திருந்தால் அந்தப் பாசம் உயிர்களைக் காத்திருக்கும்.

சுரங்கத் தொழில் இந்தப் பாடத்தை ஏராளமான சவங்களைத் தூக்கிய பிறகே விதியாக எழுதிக்கொண்டது. சர்வதேச தொழில் அமைப்பின் 1995 ஆம் ஆண்டுச் சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை, ஒவ்வொரு சுரங்கத்துக்கும் அதற்கேயான அவசரகாலத் திட்டம் வேண்டும் என்கிறது. எந்த நேரமும் நிலத்தடியில் யார் யார், எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்ற கணக்கு மேலே இருக்க வேண்டும். வெளியேற இரண்டு வழிகள் வேண்டும். காயப்பட்டவருக்கு முதலுதவியும், வைத்தியசாலை போய்ச்சேர வாகனமும் வேண்டும். போகலையிலும் கஹட்டகஹவிலும் ஆயிரம் அடிக்குக் கீழே காரீயம் வெட்டுகிறவருக்கும், இரத்தினபுரியில் மரச்சட்டம் அடித்த குழிக்குள் மாணிக்கம் தேடுகிறவருக்கும் உள்ள அதே தேவைதான் சாய்ந்தமருதில் கிணறு இறக்குகிறவருக்கும்.

1989 நவம்பர் 13 அன்று, மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியில் மகாபீர் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. ஆறு பேர் இறந்தார்கள். 65 பேர் அடைபட்டார்கள். பொறியியலாளர் ஜஸ்வந்த் சிங் கில், ஓர் ஆள் நிற்கும் அளவில் உருக்குக் கூண்டு செய்வித்து, நிலத்தில் இட்ட துளைவழியே தாமே இறங்கினார். 65 பேரையும் ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டுக் கடைசியாக ஏறினார். 2023 நவம்பரில், உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதையில் 41 தொழிலாளர்கள் 17 நாட்கள் அடைபட்டிருந்தார்கள். ஆறு அங்குலக் குழாயால் உணவு போனது. வைத்தியர்கள் அவர்களோடு பேசிக்கொண்டேயிருந்தார்கள். மீட்கும் வழி திறக்குமுன்பே சின்யாலிசௌரில் 41 கட்டில்கள் விரிக்கப்பட்டுக் காத்திருந்தன. ஆளுக்கொரு கட்டில். நாற்பத்தொருவரும் உயிரோடு வந்தார்கள்.

நமக்கும் வசதிகள் இல்லாமல் இல்லை. 1990 என்று அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். 2016 இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளுடன் தொடங்கிய சேவை இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. ஆனால் மூச்சு நின்ற நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை பழுதாகத் தொடங்கிவிடும். அந்த நான்கைந்து நிமிடங்கள் அம்புலன்ஸ் சாரதியின் கையில் இல்லை. குழிவாயில் நிற்பவர் கையில் இருக்கின்றன.

அழைப்பு வந்தால் நமது ஊர்கள் ஓடும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது ஓடின. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளி வெள்ளத்தில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அள்ளுண்டபோதும் ஓடின. ஓடிவரும் கால்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அந்தக் கைகளில் கொடுப்பதற்கு என்ன வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

பள்ளிவாசல் நிருவாகிகளிடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் கேட்பது இதுதான். நமது பள்ளிவாசல்களில் மையித்தைத் தூக்க சந்தூக்கு ஆயத்தமாக இருக்கிறது. அதே அக்கறையோடு உயிரைத் தூக்கவும் ஆயத்தமாக இருப்போம். ஓர் இரும்பு முக்காலி, சுற்றி இழுக்கும் கப்பி, உடலைத் தாங்கும் வார்ப்பட்டி இரண்டு, உறுதியான கயிறு, குழிக்காற்றை அளக்கும் கருவி, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஊதுவிசிறி. இவற்றைக் கையாளவும் முதலுதவி செய்யவும் பழகிய ஊருக்குப் பத்து இளைஞர்கள். கிணறு இறைப்பவரும் குழி தோண்டுபவரும் முதல்நாளே சொல்லிவைக்க ஒரு தொலைபேசி இலக்கம்.

அதுவரை இரண்டு விதிகளையாவது வீட்டுக்கு வீடு சொல்லிவைப்போம்: மேலே ஆளில்லாமல் எவரும் கீழே இறங்கக் கூடாது. மேலே நிற்பவர், என்ன நடந்தாலும் கீழே குதிக்கக் கூடாது.