அப்பாவின் ஹெரால்டு

1968-ல் அப்பா வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அக்கா கல்யாணச் செலவுக்காகக் கைமாறிப் போனது. வாங்கியவர் ஓட்டிக்கொண்டு கிளம்பியபோது அப்பா வாசல் பக்கமே வரவில்லை.

நான் ரிட்டயரான மறு வருஷம், அதே மாடல் ஒன்று மாட்டுக் கொட்டகையில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு வாங்கினேன். மெட்ராஸிலேயே தயாரான வண்டி. 948 சிசி எஞ்சின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமே சேர்ந்து முன்பக்கம் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைக் கழற்றலாம். இன்றைய கார்களில் கைகூட நுழையாது.

சேஸிஸைத் துரு தின்றிருந்தது. புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைக்காததை லேத்தில் கடைந்து, மூன்று வருஷம் ஓடிப்போனது. "பி.எஃப். பணமெல்லாம் தகரமாயிடுச்சு" என்பாள் மனைவி. பொய்யில்லை.

வண்டி கிளம்பிய அன்று அப்பாவுக்கு 87 வயது. என்னையே அடையாளம் தெரியாத நிலைமை. கைத்தாங்கலாக அழைத்து வந்து முன் சீட்டில் உட்கார வைத்தேன்.

"யார் வண்டி, தம்பி?"

"உங்க வண்டிதாம்பா."

"அதை வித்தாச்சே" என்றார். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தவர், "பெட்ரோல் வாடை வருது. சோக்கை உள்ளே தள்ளுங்க" என்றார்.

தள்ளினேன்.