பாட்டியின் மஞ்சள் முடிச்சு

முதன்முறையாக அயல்நாடு செல்பவர்கள் கடைத் தெருவைப் பார்ப்பார்கள். மிருகக்காட்சிச் சாலையைப் பார்ப்பார்கள். விடுமுறையில் சிங்கப்பூருக்குச் சென்ற நாங்கள் நால்வரோ கோயில்களைப் பார்ப்பதென்று தீர்மானித்தோம். பக்தி மட்டுமே காரணம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். கோயிலுக்கு நுழைவுச் சீட்டு இல்லை. உபாத்தியாயர்களின் பைக்கு அது மிகவும் உகந்தது!

1827-இல் நாராயண பிள்ளை தோற்றுவித்த மாரியம்மன் கோயிலில் முதலில் தரிசனம் செய்தோம். கோபுரமும் கர்ப்பூர மணமும் சேர்ந்து, கடல் கடந்து வந்திருப்பதையே மறக்கச் செய்துவிட்டன. பிறகு சற்று தூரம் நடந்து தெலுக் ஆயர் வீதியை அடைந்தோம்.

இன்று சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள். ஆனால், ஒரு காலத்தில் இவ்வீதியின் ஓரத்தில்தான் அலை மோதிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்த பிறகே கரை விலகிப் போயிற்று. புயலுக்குத் தப்பிக் கரையேறிய சீனர்கள், கடல் தேவதையான மாசுவுக்கு நன்றி செலுத்திய தியான் ஹொக் கெங் ஆலயம் அங்கே இருக்கிறது. 1839-இல் தொடங்கி 1842-இல் கட்டி முடித்தார்கள். அதன் ஒரு பக்கத்தில், தமிழ் முஸ்லிம்கள் குடிசையாகத் தொடங்கிய பள்ளிவாசல். ஆதலால் அதற்குக் 'குச்சுப்பள்ளி' என்றே பெயர் வழங்கிற்று. மறுபக்கத்தில், 1828-க்கும் 1830-க்கும் இடையே அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா. இப்போது அது இந்திய முஸ்லிம்களின் பாரம்பரிய நிலையமாக விளங்குகிறது.

நாகூர் என்ற பெயரைக் கண்டதும் எங்கள் பாட்டியார் நினைவுக்கு வந்தார்.

1950-களில் எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். பாட்டியோ சைவ ஆசாரம் மிகுந்தவர். ஆயினும் மஞ்சள் துணியில் காசு முடிந்து, "நாகூராண்டவரே, இவரைக் கரை சேர்த்துவிடு" என்று வேண்டிக்கொண்டார். சுகமாகப் போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வரும் வரையில் அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். பிற்காலத்தில் காலேஜில் படித்த நாங்கள், "பாட்டி, நாகூராண்டவர் சிங்கப்பூர் வரையில் நீந்திப் போவாரோ?" என்று பரிகாசம் செய்தோம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பாட்டி இல்லை.

அதற்குரிய பதில் அந்த வீதியில் நின்றுகொண்டிருந்தது. தாத்தா போவதற்குச் சுமார் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே ஆண்டவர் அங்கே போய்க் காத்திருந்தார்!

சிநேகிதர்களிடம் இதைச் சொன்னோம். எதையும் எளிதில் நம்பாத ஒருவர், "நேற்று நம் விமானம் தரை தொட்டதும் நாம் என்ன செய்தோம்?" என்று கேட்டார்.

"கைப்பேசியைத் திறந்தோம்" என்றார் இன்னொருவர். யாரும் சிரிக்கவில்லை.

ஊர் திரும்பிய மறு வாரமே நாகூருக்குச் சென்று உண்டியலில் காசு போட்டோம். வேண்டுதலாக அன்று, ஒரு கிழவியின் கவலையைக் கண்டு நகைத்ததற்கு அபராதமாக.