அப்பாவின் ரேடியோவுக்கு 90 வோல்ட்

அரியலூர் பக்கம் கிராமத்தில் இருக்கும் எங்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துக் கட்டலாம் என்று 2019-ல் முடிவானது. பரணில் இருந்ததை எல்லாம் இறக்கினோம். பித்தளை அண்டா, உடைந்த மரக்கால், கயிறு அறுந்த தூளி. கடைசியாக வந்தது அப்பாவின் வால்வு ரேடியோ. பழைய இரும்புக்காரர் தூக்கிப் பார்த்து, "வெயிட்டே இல்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார்.

திண்ணையில் இருந்த அம்மா, "அது மட்டும் கெடக்கட்டும்ப்பா" என்றார்.

அன்று ராத்திரிதான் விஷயம் தெரிந்தது. கல்யாணமான புதிதில் அப்பா ஆசைப்பட்டு வாங்கிய ரேடியோ அது. ஊருக்கு அப்போது கரண்ட் வரவில்லை. ரேடியோவுக்குத் தனி பேட்டரி. அது தீர்ந்தால் புதிது வாங்க நிறையக் காசு வேண்டும். 1963-ல் அக்கா பிறக்கும் நேரம் அம்மாவுக்கு உடம்பு மோசமாகி, ராத்திரியோடு ராத்திரியாக வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பேட்டரிக்கு வைத்திருந்த காசு அதில் போயிற்று. அப்புறம் வாங்கவே முடியவில்லை.

"அவரு ஒரு வார்த்த சொன்னதில்ல. சாயங்காலமானா பஞ்சாயத்து ரேடியோகிட்ட போயி நின்னுகிட்டே கேட்டுட்டு வருவாரு. என்னாலதான அது ஊமையாப் போச்சு."

திருச்சி வானொலி 1939-லேயே தொடங்கிவிட்டது. அதன் விவசாய நிகழ்ச்சிக்கு எங்கள் பக்கம் தனி மரியாதை. அறுபதுகளில் ஆடுதுறை 27 நெல் ரேடியோ மூலமாகவே பரவி, தஞ்சாவூர்ப் பக்கம் 'ரேடியோ நெல்' என்றே பேர் வாங்கியது. அதையும் அப்பா நின்றுகொண்டேதான் கேட்டிருப்பார். வீட்டில் ரேடியோ இருந்தும்.

நான் பெரம்பலூரில் வயரிங் வேலை பார்க்கிறேன். ரேடியோவைத் துணியில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்து, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த பெரியவரிடம் காட்டினேன். பின்பக்க அட்டையைக் கழற்றிப் பார்த்தார். சுண்டுவிரல் உயரத்தில் நாலு வால்வு. ஒவ்வொன்றாகக் கழற்றி, மீட்டரில் இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்தார். நாலும் நன்றாக இருந்தன.

"ரேடியோ சாகல தம்பி. அதுக்குச் சோறுதான் இல்ல."

அந்தச் சோற்றில் இரண்டு வகை. வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட். அதற்கு ஒரு பெரிய டார்ச் செல் போதும். இன்னொன்று 90 வோல்ட். அந்தக் காலத்தில் 60 சின்ன செல்களை வரிசையாகக் கோத்து, செங்கல் மாதிரி ஒரே பேட்டரியாக விற்றார்கள். டிரான்சிஸ்டர் வந்ததும் அதன் கதை முடிந்தது.

பெரியவர் முதலில் காய்ந்துபோன காகிதக் கெபாசிட்டர்களை மாற்றச் சொன்னார். அவை கசிந்தால் கடைசி வால்வு கெட்டுவிடும். மாற்றி முடித்ததும், 9 வோல்ட் பேட்டரி பத்தை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினோம். மாடியிலிருந்து வேப்பமரத்துக்கு ஏரியல் கம்பி, எர்த்துக்கு அடிபம்பு. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. குமிழைத் திருகத் திருக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பாட்டு வந்தது.

ஆனால் அம்மா தினமும் கேட்க வேண்டும் என்றால், பத்துப் பத்தாகப் பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகாது. அப்போதுதான் ஆன்லைனில் கிடைக்கும் பூஸ்ட் கன்வெர்ட்டர் நினைவுக்கு வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய போர்டு. விலை சில நூறு ரூபாய். 12 வோல்ட் கொடுத்தால் நூறு, இருநூறு வோல்ட் என்று ஏற்றித் தரும்.

அது எப்படி என்று கேட்டால், மோட்டார் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடும்போது கரண்ட் போனால் குழாயில் 'தட்'டென்று ஓர் இடி இடிக்கும். ஓடுவது திடீரென்று நின்றால் அழுத்தம் எகிறும். கம்பிச் சுருளில் ஓடும் கரண்டும் அப்படித்தான். அதை ஒரு வினாடிக்குப் பல்லாயிரம் தடவை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வோர் இடியையும் கெபாசிட்டரில் சேர்த்து வைப்பதுதான் இந்த போர்டின் வேலை.

வந்த போர்டை நேராக ரேடியோவில் மாட்டாமல் முதலில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். முந்நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது! சின்ன திருகைத் திருப்பி 90-க்கு இறக்கினேன். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டி, சுமை ஏறினாலும் அதே அளவு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரேடியோவுக்குக் கொடுத்தேன். 90 வோல்ட் போக வேண்டிய இடமும் ஒன்றரை வோல்ட் போக வேண்டிய இடமும் மாறிப்போனால் நாலு வால்வும் ஒரு நொடியில் போய்விடும். அதனால் இரண்டுக்கும் வேறு வேறு அளவில் பிளக் போட்டேன். சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும். கை வைத்தால் உதறும். இது விளையாட்டுச் சாமான் இல்லை.

சுவிட்சைப் போட்டால் 'கொர்ர்ர்' என்ற இரைச்சல்தான். பாட்டையும் காணோம், பேச்சையும் காணோம். பத்துப் பேட்டரியை மாட்டினால் சுத்தமாகப் பாடுகிறது. ஆக, குற்றவாளி போர்டுதான்.

பெரியவர் சிரித்தார். "அந்தக் காலத்துக் கார் ரேடியோவுல வைப்ரேட்டர்னு ஒண்ணு இருக்கும். அதுவும் இப்படித்தான் கத்தும். தகர டப்பாவுக்குள்ள போட்டுப் பூட்டிருவாங்க."

பிஸ்கட் டப்பா ஒன்றில் போர்டை அடைத்து, டப்பாவை ரேடியோவின் நெகட்டிவோடு சேர்த்தேன். உள்ளே போகிற கம்பி, வெளியே வருகிற கம்பி இரண்டிலும் சோக் சுருளும் கெபாசிட்டரும் வைத்தேன். இரைச்சல் அடங்கியது. ஆனால் திருச்சி வருகிற இடத்தில் மட்டும் ஒரு விசில் நின்றது. மீட்டரில் அளந்தால் போர்டு வினாடிக்கு சுமார் 72 ஆயிரம் தடவை துடிக்கிறது. 72-ஐ 13-ஆல் பெருக்கிப் பாருங்கள். 936! திருச்சி வானொலியின் அலைவரிசை அதே 936 கிலோஹெர்ட்ஸ்தான். அந்தத் துடிப்பைத் தீர்மானிக்கும் கெபாசிட்டருக்கு இணையாகச் சின்னதாக இன்னொன்றை வைத்து, வேகத்தை 68 ஆயிரம் அளவுக்குக் குறைத்தேன். விசில் திருச்சியை விட்டு நகர்ந்து போனது. இதற்கே மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

நாலாவது ஞாயிறு ரேடியோவோடு ஊருக்குப் போனேன். ஏரியல் கட்டி, திண்ணையில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் சுவிட்சைப் போட்டேன். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். திருச்சி வந்தது. முறம் நின்றுவிட்டது.

"இது அந்த ரேடியோவா?"

"அதேதாம்மா. அதுக்கு ஒண்ணும் ஆகல. பேட்டரிதான் இல்ல. உன்னால ஒண்ணும் ஊமையாகல."

அம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையால் பெட்டியின் மேல்பக்கத்தைத் துடைத்தார். தூசி இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்:

"சத்தத்தக் கொறைடா தம்பி. பேட்டரி தீந்துறப் போவுது. உங்கப்பா இருந்தா இந்நேரம் கொறைச்சிருப்பாரு."

இந்த மாதிரி ரேடியோவில் சத்தத்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் பேட்டரி செலவாவது கிட்டத்தட்ட ஒரே அளவுதான். கடைசி வால்வு எப்போதும் ஒரே அளவு கரண்டைத்தான் இழுக்கும். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. குமிழைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.